பத்து லிட்டர் பெட்டி

திறந்த பெட்டியின் முன்னால் அவர் முதலில் செய்வது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வதுதான். பிறகு குனிந்து பார்ப்பார். கணிப்பொறியின் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும், அது இருக்கும் இடத்தையும், அதற்கும் அடுத்ததற்கும் நடுவே விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தையும் பார்ப்பார். பத்து நிமிடம் ஆகும். சில நாள் அரைமணி நேரமும் ஆகும். அதுவரை கை முன்னால் வராது. புதிதாக வந்தவர்கள் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று எண்ணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதுண்டு. அவர் தடுத்ததில்லை.

"ஏன் வச்சாகன்னு தெரியாம எதையும் எடுக்கக் கூடாது சார்" என்பார். அதை ஒரு கொள்கையைப் போலச் சொன்னதில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொல்வார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க இப்போது வழியில்லை. கேட்காமல் செய்வது அவர் விஷயத்தில் தகாது. சின்னமனூரில் அவரைக் கம்ப்யூட்டர் அக்கா என்றார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாழைக்காய் மண்டி ஒன்றின் மாடியில் ஒற்றை அறை அவருடைய கடை. கீழே தார்கள் பழுக்கும் வாசனை இரும்புப் படிக்கட்டின் வழியாக மேலே வந்து, திறந்து கிடக்கும் கணிப்பொறிகளின் மேல் படிந்திருக்கும். தெற்குச் சன்னலில் மேகமலை தெரியும். சில பிற்பகல்களில் மேகம் இறங்கி மலையை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிடும். அப்போது சன்னலில் ஒன்றும் இருக்காது. அவர் அந்த ஒன்றுமில்லாததையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அவரிடம் போன காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தேனியில் வசிக்கிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஒரே மகன். பெங்களூரில் வேலை பார்த்தான். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், தேனிக்கு வந்துவிடுவதென்று ஓர் ஆனி மாதத்தில் முடிவு செய்தான். அதற்கென ஒரு கணிப்பொறியைத் தானே கோத்துப் பூட்டப்போவதாகச் சொல்லி, பாகங்களை ஒவ்வொன்றாக வீட்டு முகவரிக்கு வரவழைத்தான். மிகச் சிறிய பெட்டிக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அத்தகைய பெட்டிகளை லிட்டர் கணக்கில் சொல்வார்களாம். அவன் தேர்ந்தெடுத்தது பத்து லிட்டர்.

"பத்து லிட்டரா? ஏன்டா, கம்ப்யூட்டர் வாங்குறியா, கடலை எண்ணெய் வாங்குறியா?" என்று என் மனைவி தொலைபேசியில் கேட்டாள்.

"ரெண்டும் ஒரே டின்னுல அடங்கும்மா. அப்பா மேசையில ஒரு மூலை போதும்" என்றான்.

ஆவணியில் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தான். பதினோரு நாள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் முடிந்தது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

பாகங்கள் அதன் பிறகும் வந்தன. அனுப்புகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியாக வந்தது அந்தப் பெட்டி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூரியர்க்காரர் பந்தல் காலைச் சுற்றிக்கொண்டு வந்து, என் மகனின் பெயரைச் சொல்லி, சார் இருக்கிறாரா என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பின் வந்த மாதங்களை நினைத்தால் நாட்கள் வரிசையாக வருவதில்லை. காற்று மட்டும் வருகிறது. பள்ளத்தாக்கின் மேற்கிலிருந்து புறப்பட்டு, காற்றாலைகளைச் சுழற்றி, எங்கள் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் காற்று. மகனின் அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. தை மாதம் ஒரு காலையில், அவற்றைப் பூட்டி ஒரு பொருளாக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவன் தேர்ந்தெடுத்தவை மட்டுமே இருக்க வேண்டும், ஒன்றையும் மாற்றக் கூடாது என்பது நான் எனக்கே இட்டுக்கொண்ட நிபந்தனை.

தேனியில் இரண்டு கடைகளில் காட்டினேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். உள்பெட்டிகளைப் பிரிக்காமலே, அட்டைகளில் அச்சிட்டிருந்த அளவுகளை வைத்துச் சொல்லிவிட்டார்கள். பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர், அந்தப் பெட்டி கொள்ளும் உயரத்தைவிட நான்கு மில்லிமீட்டர் அதிகம். மூடி மூடாது. திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டோ பழைய மாதிரி, மெலிந்தது. இவ்வளவு நல்ல பிராசசருக்கு அது பொருத்தமே இல்லை. "அண்ணன் அவசரத்துல ஆர்டர் போட்டுட்டாரு போல சார். ரெண்டையும் மாத்திருவோம். இல்ல, பெரிய கேபினட்டா போட்ருவோம், கண்ணாடி வச்சது, லைட் எரியும்" என்றான் ஒருவன்.

என் மகன் அவசரக்காரன் அல்லன். ஆனால் நான்கு மில்லிமீட்டர் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அளவுகளை நம்பி வாழ்ந்தவன் நான். அவனுடைய கடைசிக் கணக்கு தவறு என்பதை ஏற்றுக்கொண்டு, அட்டைப் பெட்டிகளை மீண்டும் காரில் ஏற்றினேன். இரண்டாவது கடைக்காரர்தான், சின்னமனூரில் ஓர் அம்மாள் இருப்பதாகவும், சின்னப் பெட்டி வேலை அவருக்குக் கைவந்தது என்றும், ஆனால் நாள்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

சின்னமனூரில் முதல் நாள் அவர் அட்டைகளைப் பிரித்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்றை மட்டும், பிராசசரை, அதன் கண்ணாடித்தாள் உறையோடு அப்படியே தனியாக எடுத்து வைத்தார். அப்போது அதை நான் கவனித்தேனே தவிர, ஏனென்று கேட்கவில்லை.

நான்கு மில்லிமீட்டரைப் பற்றி நானே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியுது சார். ஆனா இந்தக் கார்டு ஏன் இவ்வளவு ஒல்லியா வாங்குனாக? கூலர் ஏன் இவ்வளவு பெருசு? ரெண்டும் ஒருத்தர் வாங்குனதுதான?"

"ஒருவர்தான். என் மகன்."

"அப்பத் தம்பிக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுறலாமே சார்."

நான் சற்று நேரம் சன்னலைப் பார்த்தேன். மலை இருந்தது. "அவன் இல்லை" என்றேன்.

அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. மேசையின் மறுபக்கம் போய் நின்று, பாகங்களை அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தார். "அப்ப இந்தச் சாமானுககிட்டத்தான் கேக்கணும்" என்றார். "விட்டுட்டுப் போங்க சார். நானே கூப்பிடுறேன்."

நான் மூன்று நாளைக்கு ஒருமுறை போனேன். அவர் கூப்பிடவில்லை என்றாலும் போனேன். வீட்டில் என் மனைவியும் நானும் ஒரே அறையில் இருப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பேருந்தில் போய், மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பி வருவேன். அந்த ஒரு மணி நேரங்களில் தெரிந்துகொண்டவைதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை.

மேகமலையில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். ஓர் அறையில் ஆறு பேர். பாத்திரம் தொங்கும் ஆணி, படுக்கை சுருட்டி வைக்கும் பரண், கோழியைக் கவிழ்க்கும் கூடை என்று எதற்கும் ஓர் இடம்; ஒன்று நகர்ந்தால் ஒருவர் படுக்க முடியாது. தகரப் பெட்டியின் அடியில் ஒரு தட்டைக்கல் இருந்ததாம். எட்டு வயதில், அது சும்மா இடத்தை அடைக்கிறதே என்று இவர் எடுத்து வெளியே போட்டார். கார்த்திகை மழையில் தரையோடு நீர் வந்தது. பெட்டிக்குள் இருந்த அம்மாவின் கல்யாணப் போட்டோ, இருந்த ஒன்றே ஒன்று, ஊறிப்போனது. "முகம் மட்டும் போயிருச்சு சார். மாலை நல்லா இருந்துச்சு" என்றார். இதை அவர் சொன்னபோது கையில் சின்ன திருகாணி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, எந்தத் துளையிலிருந்து கழற்றினாரோ அதன் அருகிலேயே வைத்தார்.

வளர்ந்த பின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சில ஆண்டுகள் வேலை. பச்சைக்காய்க்குச் சூடு காட்டும் அறையில் காற்று எந்த மூலையில் தேங்கும், எந்தத் தட்டு காயாமல் நிற்கும் என்பதைக் கன்னத்தில் உணர்ந்தே சொல்லப் பழகியிருந்தார். ஸ்டோருக்கு வந்த முதல் கணிப்பொறி சூடேறி நின்றபோது, அதைத் திறந்து பார்த்தவர் அவர்தான். அங்கிருந்து தொழில் மாறியது. காற்றைப் பார்க்க அவரிடம் வேறு கருவி இல்லை. மண்டியிலிருந்து ஒரு வாழைநார் எடுத்து, மயிரிழையாகக் கிழித்து, பெட்டியின் துளைகளின் அருகே பிடிப்பார். நார் உள்ளே சாய்ந்தால் உள்ளே போகிற காற்று. வெளியே எழுந்தால் வெளியே வருகிற காற்று. அசையாமல் தொங்கினால் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார்.

கோம்பையிலிருந்து ஒரு விவசாயி கொண்டுவந்த கணிப்பொறியின் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். திறந்தால் உள்ளே மண்ணால் கட்டிய குளவிக்கூடு. வேறு யாரும் அதைத் தட்டி எறிந்திருப்பார்கள். இவர் கேட்டாராம்: வீட்டில் யாராவது பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்களா? குளவி கூடு கட்டிய வீட்டில் தொட்டில் கட்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விவசாயி, தன் மருமகள்தான் அதைத் தொடக் கூடாது என்று சொன்னதாக ஒப்புக்கொண்டார். பெட்டி பதினெட்டு நாள் சன்னலோரம் திறந்தே இருந்தது. கீழே மண்டியின் தரகர் தினமும் படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார்.

"என்ன தாயி, பிரசவம் ஆச்சா?"

"இன்னும் நாளாகும்ணே. வெந்நி போட்டு வைங்க."

குளவிகள் பறந்து போன பிறகே வேலை நடந்தது. குழந்தை பிறந்ததா என்று கேட்டேன். "அது குளவிக்குத்தான் தெரியும் சார்" என்றார்.

இது வேடிக்கை. ஆனால் அந்தக் குணத்தில் என்னைக் கலங்கவைத்த ஒன்றும் இருந்தது. கடையின் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கறுப்புக் குடை ஒன்று தொங்கியது. கம்பிகளில் துரு. மழை தூறிய ஒருநாள், பேருந்து நிற்குமிடம்வரை அதைக் கேட்கலாமா என்று கை நீட்டினேன்.

"அது வேணாம் சார்" என்றார். வேறு ஒரு குடையை எடுத்துக் கொடுத்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். கணவருடையது. கட்டப்பனைப் பக்கம் வேலை என்று போனவர் திரும்பவில்லை, ஒன்பது வருடம். "ஆடி மாசம். கொட்டுற மழையில போனாக. குடையை இந்த ஆணியில மாட்டிட்டுப் போனாக. மறந்துட்டாகளா, வருவேன்னு வச்சுட்டுப் போனாகளா, வேணாம்னு வச்சுட்டுப் போனாகளா, தெரியலை. தெரியாம எப்படி எடுக்க?"

அன்று திரும்பும் பேருந்தில் உறங்கிப்போனேன். இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் போய்க்கொண்டிருந்தது கண்ணிமைக்குள்ளும் தொடர்ந்தது. பந்தலின் பச்சை நிழல் மெல்ல ஒரு வீடாயிற்று. இரண்டே அறைகள் கொண்ட வெள்ளை வீடு. நான் ஓர் அறையில் நிற்கிறேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ நகர்த்துகிற அசைவு, ஓசை இல்லை. அவன்தான் என்று தெரிகிறது. சுவரில் கதவைத் தேடுகிறேன். கதவு இல்லாத வீட்டை யார் கட்டினார்கள் என்று எரிச்சல்கூட வருகிறது. அப்போது சுவரே மெதுவாக விலகத் தொடங்கியது. நடத்துநர் தோளைத் தொட்டு, தேனி வந்துவிட்டது என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டார். "சார், வாங்க. செவுத்தைத் தள்ளிப் பாத்தேன்" என்றார்.

அந்தப் பெட்டியின் நடுவில் ஒரு தகடு, சுவர்போல நின்று, அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் மதர்போர்டும் கூலரும். மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. அந்தச் சுவரின் காலுக்கு இரண்டு வரிசைத் துளைகள் இருந்தன. தேனியில் முதல் வரிசைக்கான அளவை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அவர் சுவரைக் கழற்றி, இரண்டாம் வரிசையில் நிறுத்தியிருந்தார். கூலரின் பக்கம் அறை அகன்றது. கார்டின் பக்கம் அதே அளவு குறுகியது. குறுகிய அந்த அறைக்குள் சாதாரணக் கார்டு எதுவும் நுழையாது. மெலிந்த அந்தப் பழைய மாதிரிதான் நுழையும்.

"தம்பி தப்பா வாங்கலை சார்" என்றார். "இவ்வளவு பெரிய கூலர் போடணும்னு முதல்ல முடிவு பண்ணிருக்காக. அதுக்காகச் செவுத்தைத் தள்ளி, அதுக்காகக் கார்டுல கொறைச்சுக்கிட்டாக. வேகம் கொறஞ்சாலும் பரவாயில்லைன்னு விட்டுக் குடுத்துருக்காக. அது ஏன்னு மட்டும்தான் எனக்குப் பிடிபடலை. பெரிய கூலர்னா காத்தாடி மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்துனா சத்தம் வராது." என்னைப் பார்த்தார். "வீட்ல யாருக்காவது சத்தம் ஆகாதா சார்?"

முந்தைய ஆண்டு தீபாவளிக்கு அவன் தன் பழைய கணிப்பொறியோடு வந்திருந்தான். என் மேசையின் ஓரத்தில் வைத்து வேலை பார்த்தான். அதன் காற்றாடி நாள் முழுவதும் இரைந்தது. இரண்டாம் நாள், புத்தகத்தை மூடி வைத்து, இந்த இரைச்சலில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை, உன் யந்திரத்தை மாடிக்குக் கொண்டுபோ என்றேன். கொண்டுபோனான். அவ்வளவுதான் நடந்தது. அவன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு விடை கிடைத்த நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. அதை என்னிடமிருந்து மறைக்க அவர் முயலவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி உடையவனாயிருக்கிறேன்.

பிறகு, தனியாக எடுத்து வைத்திருந்த பிராசசரின் உறையை மேசையில் வைத்தார். அதைத் திறக்கவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி சார். இது உங்ககிட்டக் கேக்குறது இல்லை. வீட்ல அக்காகிட்டக் கேக்கணும்" என்றார். என்ன என்றேன். அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் முற்பகலில் எங்கள் வீட்டுக்குப் பேருந்தில் வந்தார். மடியில் வைத்துக்கொண்டு வந்த மஞ்சள் பையில் பெட்டியும் பாகங்களும் இருந்தன. என் மனைவி அந்நாட்களில் விருந்தினர் யாருக்கும் முகம் காட்டுவதில்லை. இவர் வந்து, தண்ணீர் கேட்டு, சமையலறை வாசலிலேயே நின்று குடித்து, பின்பு அவளைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துவந்தார். உறையைத் திறந்து அவள் முன் வைத்தார்.

பிராசசர் என்பது ஒரு தீப்பெட்டியைவிடச் சிறிய சதுரம். மேலே வெள்ளி நிறத்தில் வழவழப்பான உலோகப் பரப்பு. அந்தப் பரப்பின் நட்டநடுவே சந்தனம். காய்ந்து, நுண்ணிய வெடிப்புகள் விட்டு, அதன் மேல் ஒரு துளி குங்குமம். நான் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"யார் வச்சாகன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சுக்கா. ஏன்னு கேக்காம அழிக்க மனசு வரலை" என்றார்.

இறப்பு நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. அந்தப் புரட்டாசியில் ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என் மனைவி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "நான்தான் வச்சேன். கூடாதுன்னு தெரியும். நீங்க வெளிய போயிருந்தீக. சின்னதுல இருந்து அன்னைக்கு எல்லாத்துக்கும் அவன்தான் வைப்பான். சைக்கிளுக்கு, கால்குலேட்டருக்கு, உங்க மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குக்கூட. இத்தனை சாமான் வந்து ஒரு பொட்டுக்கூட இல்லாமக் கெடக்கேன்னு இருந்துச்சு."

"இது ஒன்றுக்கு மட்டும் ஏன் வைத்தாய்?" என்றேன்.

"மத்ததெல்லாம் டப்பா. இது ஒண்ணுக்குத்தான் நெத்தி இருந்துச்சு."

வெளியே காற்று வாசல் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அவர் நிதானமாக விளக்கினார். கூலர் அந்தப் பரப்பின் மேல்தான் ஒட்டி உட்கார வேண்டும். இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசை மட்டுமே இருக்கலாம். வேறு எது இருந்தாலும் சூடு மேலே ஏறாமல் உள்ளேயே நின்றுவிடும். அழிக்க வேண்டாம் என்றால் இதை இப்படியே உறைக்குள் வைத்துக்கொள்ளலாம். இதே போல் வேறொன்று வாங்கிப் போட்டுவிடலாம். "ரெண்டுல எதுன்னாலும் சரிதான்க்கா. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஒன்றையும் மாற்றக் கூடாது என்ற என் நிபந்தனை நெஞ்சில் வந்து நின்றது. அதை நான் வெளியே சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

"ரொம்பச் சூடேறுமா தாயி?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஏறும்க்கா. வேலை பாத்தாச் சூடேறத்தான் செய்யும். எறங்குறதுக்கு வழி இருந்தா ஒண்ணும் ஆகாது."

அவள் நெடுநேரம் அந்தச் சதுரத்தைப் பார்த்திருந்தாள். பிறகு, "துணி குடு" என்றாள்.

அவர் வெள்ளைத் துணி ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தார். என் மனைவி ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு துடைத்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வராமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக, துணியை மடித்து மறுபடி நனைத்து, மறுபடியும். அந்த அசைவை நான் முன்பு பார்த்திருக்கிறேன். பதினோரு நாள் பார்த்திருக்கிறேன்.

உலோகம் தெளிந்து, அதில் சன்னலின் வெளிச்சம் விழுந்தது. அவர் பசை இருந்த ஊசிக்குழலை எடுத்தார், மூடியைக் கழற்றினார், ஆனால் தான் வைக்கவில்லை. என் மனைவியின் கையில் கொடுத்தார்.

"நீங்க வச்சது தப்பான எடமில்லக்கா. நாங்களும் அங்கனதான் வைப்போம். நடுவுல ஒரு பொட்டளவு வைங்க, போதும்."

அவள் வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. வைத்த பின் வழக்கத்தினால் விரலை நெற்றிப் பக்கம் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மீதி வேலை பிற்பகல்வரை நடந்தது. கேபிள்களை வளைத்துச் சுவரோரமாகப் படுக்கவைப்பதில்தான் அதிக நேரம் ஆயிற்று. சுவரின் இந்தப் பக்கம் கூலர், அந்தப் பக்கம் மெலிந்த கார்டு, இடையே ஒரு விரல் அகலத்துக்குக் காற்று. மூடி மூடிற்று. மின்சாரம் கொடுத்ததும் ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நிகழவில்லை என்றே நினைத்தேன். அவர் வாழைநாரைப் பக்கத்துத் துளைகளின் அருகே பிடித்தார். நார் உள்ளே சாய்ந்தது. மேலே பிடித்தார், நார் எழுந்து, காற்றில் நின்று, மெல்ல அசைந்தது. அப்போதுதான் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் மேசையின் மூலையில் வைத்து, காதைக் கொண்டுபோய்க் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதையும் அதில்தான் எழுதுகிறேன். மாலையில் என் மனைவி அந்த வழியாகப் போகும்போது அதன் மூடியின் மேல் புறங்கையை ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் ஒருநாளும் வைத்ததில்லை.

சென்ற பங்குனியில், தூசி தட்ட வேண்டுமே என்று அவரைத் தேடிச் சின்னமனூருக்குப் போனேன். மாடி அறையில் பூட்டு. அவர் போய்ச் சில மாதங்கள் ஆயிற்று என்று மண்டித் தரகர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளவில்லை என்று குறைப்பட்டார்.

"மேலே ஒரு குடை இருந்ததே?" என்றேன்.

"அதை எடுத்துக்கிட்டுத்தான் போச்சு சார். மண்டையைப் பொளக்குற வெயில்ல குடையை மடக்கிக் கையில பிடிச்சுக்கிட்டுப் போச்சு. மழை வரப்போகுதா தாயின்னு கேட்டேன். சிரிச்சுச்சு."

கதவில் கம்பியிட்ட சிறு சன்னல் இருந்தது. அதன் வழியே பார்த்தேன். ஆணி இருந்தது. தெற்குச் சன்னலில் அன்று மலை இல்லை.

வீட்டுக்கு வந்து, பெட்டியை நானே திறந்தேன். திறந்ததும், அறியாமலே என் கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தூசி அதிகமில்லை. நடுச்சுவரின் காலடியில், யாருக்கும் கண்ணில் படாத ஓரத்தில், ஒரு கேபிளைச் சுற்றி வாழைநார் ஒன்று முடிச்சிட்டிருந்தது. அந்தக் கேபிளைக் கட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. அது தானாகவே படிந்துதான் இருந்தது. அடையாளத்துக்கா, மறதியா, வேறு எதற்காவதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் காரணங்களைக் கற்பித்தவன், அந்த முடிச்சின் முன் அரைமணி நேரம் நின்றேன்.

என் மனைவி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அது, நாரா?"

"ஆம்."

"எதுக்கு வச்சுருக்கு?"

"தெரியவில்லை."

"தெரியலைன்னா இருக்கட்டும்" என்றாள். மூடியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.